பிடித்த வீடு கிடைக்கும்வரை தேடுவதா, கிடைத்ததை வாங்கிவிட்டு வாழ்க்கையைப் பார்ப்பதா?

கேள்வி | 2024 மார்ச் 2

ஒன்றரை வருடமாக வீடு தேடுகிறோம். யாழ் நகரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள், கையில் உள்ள காசும் வங்கிக் கடனும் எட்டும் விலைக்குள். ஞாயிறு எல்லாம் இதற்கே போகிறது. நானும் மனைவியும் இப்போது கதைப்பதெல்லாம் காணி, உறுதிப் பத்திரம், தரகர்தான். "பார்த்தவுடன் இதுதான் என்று மனம் சொல்லும், அதுவரை பொறுங்கோ" என்கிறார்கள் எல்லோரும். எத்தனை நாளைக்கு?

பதில் | 2024 மார்ச் 3, ஞாயிறு

மனம் சொல்லுமாம். என் மனம் இதுவரை நாலு வீட்டுக்கு அப்படிச் சொல்லிவிட்டது. ஒன்றில் கிணறு உவர். ஒன்றுக்கு உறுதியே இல்லை. ஒன்றுக்குப் போகும் பாதை பக்கத்து வளவுக்காரருடையது. நாலாவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் வயிறு எரியும்.

எங்கள் கதை இது. கொக்குவிலில் வாடகை வீடு. கணவர் கிளிநொச்சியில் படிப்பிக்கிறார், விடிய ஐந்தேமுக்காலுக்கு வெளிக்கிட வேண்டும். நான் பட்டணத்தில் ஒரு கந்தோரில். அம்மா எங்களோடு. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. தேடத் தொடங்கியது 2022 நடுப்பகுதியில். அதைவிட மடத்தனமான நேரம் கிடைத்திருக்காது. நாட்டில் பொருளாதார நெருக்கடி, பெற்றோல் வரிசையில் நின்று வாங்கிய எண்ணெயில் வீடு பார்க்கப் போனோம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியிருந்தது. பிறகு வீட்டுக் கடன் வட்டி இருபதைத் தாண்டி நின்றது. ஆனால் வாடகை வீட்டுக்காரர் கனடாவிலிருந்து "அடுத்த வருசம் வந்து இருக்கப்போறம்" என்றார், அந்தப் பயத்தில் இறங்கினோம். அவர் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம்தான்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் 31 வீடு. எங்களுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம், பத்துப் பரப்புக்குள் ஒரு சின்ன வீடு போதும்.

நீங்களும் மனைவியும் "பிடித்த வீடு" எது என்று தனித்தனிக் கடதாசியில் எழுதியிருக்கிறீர்களா? நாங்கள் ஒரு வருடம் அலைந்த பிறகுதான் அதைச் செய்தோம். கணவர் எழுதியது: பஸ் றோட்டுக்குக் கிட்ட, மோட்டார் சைக்கிள் நனையாமல் நிற்க இடம், இரவில் வெளிச்சமான ஒழுங்கை. நான் எழுதியது: முன் விறாந்தை, பின்பக்கம் ஒரு வேம்பு, வெளிச்சமான அடுப்படி. அம்மா சொன்னது: கோயில் மணி காதில் விழவேண்டும். மூன்று பேரும் மூன்று வீடு தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். மூன்றிலும் இருந்த ஒரே சொல் தண்ணீர்.

2024 மார்ச் 3, இரவு

திருத்தம். பத்து பேர்ச் என்று எழுத வந்து பத்துப் பரப்பு என்று எழுதிவிட்டேன். வங்கிப் படிவம் பேர்ச்சில், வாய் பரப்பில், அதனால் வந்த வினை. பத்து பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பத்துப் பரப்பு வாங்கக்கூடிய ஆள் என்றால் இந்த நேரத்தில் இங்கே இருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சுட்டிக்காட்டிச் சிரித்தவர்களுக்கு நன்றி.

பழைய உறுதி வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வரகு விதைக்கும் காணிக் கணக்கில் ஒரு பரப்பு 18 குழி (குழி என்பது பழைய காணி அளவு), நெல்லு விதைக்கும் வயல் கணக்கில் 12 குழி. அப்பாவின் காலத்து உறுதியில் "இரண்டு பரப்பு" என்று கண்டு மகிழ முன்னர் எந்தக் கணக்கு என்று பாருங்கள்.

2024 மார்ச் 10, ஞாயிறு

தண்ணீர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு ஓடும், பிறகு வயலாகிவிடும். மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைத் தண்ணீர். அதை ஒரு பக்கம் கடல் தள்ளுகிறது, மறுபக்கம் நாங்கள் மோட்டர் போட்டு இறைக்கிறோம். ஆகவே தைமாதம் கிணற்றை எட்டிப் பார்த்து "நல்ல தண்ணி" என்று சொல்லாதீர்கள். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் நல்ல பிள்ளைதான். ஆவணி, புரட்டாசியில் மட்டம் கீழே போன பிறகு குடித்துப் பாருங்கள், அப்போதுதான் குணம் தெரியும். எங்களுக்கு அந்த உவர்க் கிணறு அப்படித்தான் தெரிய வந்தது. மாசியில் பார்த்தபோது இளநீர். ஆவணியில் அதே வீட்டுக்காரம்மா தந்த தேநீரை விழுங்க முடியவில்லை. அவ பழகிவிட்டா, அவவுக்குத் தெரியவில்லை.

அடுத்தது மலக்குழி. ஒரு பரப்புத் துண்டில் கிணறும் மலக்குழியும் எவ்வளவு தூரத்தில் இருக்கப்போகின்றன? உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் மதிலோடு இருக்கும். கல்லுக்குள் வெடிப்பும் ஓட்டையும் என்பதால் தண்ணீர் மதிலைப் பார்த்து நிற்காது. செம்மண் தோட்டப் பக்கம் என்றால் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று வேறு. கிணறு, குழி, பக்கத்துக் குழி மூன்றையும் ஒரு படமாகக் கீறி வையுங்கள், பிறகு ஆய்வுக்குக் கொடுங்கள்.

பங்குக் கிணறு என்றால் ஓடிவிடாதீர்கள். உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "சும்மா அள்ளுங்கோ, ஆர் கேக்கப் போறது" என்பது உரிமை அல்ல. இன்றைக்குக் கேட்க மாட்டார்கள், அவர்களுடைய மருமகன் கேட்பார்.

2024 மார்ச் 11

தரகர்கள் சொல்லும் "பஸ் றோட்டுக்கு நடக்கிற தூரம்" என்பதை ஸ்கூட்டி மீற்றரில் அளந்தேன். 2.3 கிலோமீற்றர். நடக்கிற தூரம்தான், நல்லூர்த் தேருக்கு நேர்த்தி வைத்து நடப்பவர்களுக்கு.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

வருடம் பிறந்து ஒரு நாள். நேற்று ஒரு வீடும் பார்க்கவில்லை, அதனால் நாலாவது வீட்டுக் கதையை எழுதும் தைரியம் வந்திருக்கிறது.

இணுவில் பக்கம் ஒரு நாற்சார் வீடு. முன்னால் சங்கடப் படலை, அதன் கூரையில் பாதி இல்லை. தலைவாசலால் உள்ளே போனால் நடுமுற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், பனை வளையில் ஓடு. தெற்குப் பக்கக் கூரை இடிந்து இறங்கிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் விழுந்து ஒரு தூம்பால் வெளியே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கால்மணித்தியாலம் நின்றேன். கணவர் கைத்தொலைபேசியில் கூரைத் திருத்தச் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த முற்றத்தில் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

காணி தாயின் சீதனம். தாய் போன பிறகு ஐந்து பிள்ளைகளுக்கு. மூத்தவர் இங்கே, திறப்பு அவரிடம். ஒருவர் ரொறன்ரோவில், இருவர் லண்டனில். ஒருவர் பாரிசில் காலமாகிவிட்டார், அவருடைய பங்கு பிள்ளைகளுக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு இணுவில் எங்கே என்றே தெரியாது. ஒவ்வொருவரும் தங்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பவேண்டும். ரொறன்ரோவில் மதியம் சாப்பிட இருக்கும் நேரம் இங்கே இரவு பத்தரை. ஐந்து மாதம், வாரத்தில் மூன்று இரவு, வட்ஸ்அப்பில் அன்னிய குடும்பத்தின் பழைய கோபதாபங்களைக் கேட்டேன். யாருடைய கலியாணத்துக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் எனக்கு இன்னும் பாடம்.

கடைசியில் லண்டன்காரர்களில் ஒருவர், பிறத்திக்குப் போக விடமாட்டேன், நானே வாங்குவேன் என்றார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கும், விற்பவருக்கு உரித்தாளியாக வரக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. முறைப்படி அவர்களுக்கு அறிவிக்காமல் நீங்கள் வாங்கினால், பிறகு வழக்கு வைத்துப் பறிக்கலாம். சரி, அவருடைய அம்மாவின் வீடு, வாங்கட்டும் என்று விட்டோம். அவர் வாங்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன், வடக்குக் கூரையும் இறங்கிவிட்டது.

முற்பணம் கொடுக்காமல் தப்பியது கணவரின் புண்ணியம்.

2024 ஏப்ரல் 15

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். காசு போகவில்லை. போனது ஐந்து மாதம். அந்த மாதங்களில் அம்மாவின் சீனி கிளினிக் இரண்டு தரம் தவறியது. மகள் வாய்ப்பாடு சொல்ல வரும்போதெல்லாம் "பொறு அம்மா, கோல் வரும்" என்றிருக்கிறேன். ஒரு நாள் அவள் என் கொப்பியில் படம் கீறிவிட்டாள், 22ஆவது வீட்டின் விபரத்துக்கு மேலேயே. ஏசினேன். பிறகுதான் பார்த்தேன்: வீட்டுக்குள் அப்பா, அம்மம்மா, தம்பி, தான். படலைக்கு வெளியே ஸ்கூட்டியில் நான், தலைக்கவசத்தோடு.

அம்மா இதைவிடச் சுருக்கமாகச் சொன்னா: "வீடு வீடெண்டு நீ வீட்டில நிக்கிறதே இல்லை."

அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு ஞாயிறுக்கு இரண்டு வீடு. இரவு எட்டுக்குப் பிறகு தரகருக்கு மறுமொழி இல்லை. சாப்பிடும்போது காணி விலை கதைத்தால் கதைத்தவர் கோப்பை கழுவ வேண்டும். கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்போதைக்கு இதுதான். தேடலை நிறுத்தத் தேவையில்லை, அதற்கு ஒரு வேலி அடையுங்கள்.

2024 மே 5

வேலி பிரித்தாயிற்று. இந்த மாதம் மூன்றாவது ஞாயிறையும் ஒதுக்கிவிட்டேன், உரும்பிராயில் ஒன்று இருக்கிறதாம். கோப்பை கழுவுவதும் பெரும்பாலும் நான்தான். அடுத்தவருக்குச் சொல்வது சுகம்.

2024 ஜூன் 16, ஞாயிறு

"உங்கள் அம்மா வீடு வாங்கச் சொல்லி நெருக்கவில்லையா, எங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினை" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இல்லை. அம்மாவுக்கு ஒரு வீடு இருந்தது, அரியாலையில். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர, மழைக்குள் எல்லோரையும் போலக் கதவைப் பூட்டிவிட்டு நாவற்குழிப் பாலத்தால் போனோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சுவர் நின்றது. கூரை இல்லை, யன்னல் இல்லை, நிலை இல்லை. பூட்டிய கதவும் இல்லை. திறப்பு மட்டும் அம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் இருந்தது, இன்னும் இருக்கிறது. பிறகு அந்தக் காணியை மாமாவை வெளியே அனுப்ப விற்றாயிற்று.

அதனால் நான் கொப்பியும் கையுமாகத் திரிவதை அம்மா ஒரு மாதிரித்தான் பார்க்கிறா. வேண்டாம் என்று சொல்லவில்லை. தளபாடம் வாங்குவதைப் பற்றிக் கதைத்தால் மட்டும் "தூக்கக் கூடினதா வாங்கு" என்கிறா. முன்பு அது பகிடி என்று நினைத்தேன்.

2024 ஜூன் 17

"காணியை முதலீடாகப் பாருங்கள், வீட்டோடு காதல் எதற்கு" என்று எழுதியவருக்கு: பார்த்தோம். எங்கள் சம்பளத்தில் இரண்டாவது காணி கிடையாது. இருக்கும் ஒரே காணியில் படுத்து எழும்ப வேண்டும், ஆகவே கொஞ்சம் காதலும் வேண்டும். வெளிநாட்டுக் காசு வந்து விலையைத் தூக்கியதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பூட்டிக் கிடக்கும் வீடுகளை எங்கள் ஒழுங்கையில் மட்டும் எண்ணினேன், ஆறு. நவராத்திரிக்கு மின்குமிழ் எரிவது இரண்டில்.

2024 ஓகஸ்ட் 18, ஞாயிறு

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. அம்மாவின் மணிச் சத்தத்துக்காகக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு பார்க்கப் போனோம். போகவே முடியவில்லை. வீதி மறித்திருக்கிறார்கள், ஸ்கூட்டியை அங்கேயே விட்டு மணலில் நடந்தோம். வீட்டுக்காரர் சொன்னார், இருபத்தைந்து நாளும் இப்படித்தான், உள்ளே இருந்தால் வெளியே எடுக்க ஏலாது, வெளியே இருந்தால் உள்ளே வர ஏலாது. கணவர் கிளிநொச்சி பஸ்ஸை நினைத்துக்கொண்டார். அம்மா கச்சான் வாங்கிக் கொறித்தபடி, "இருபத்தைஞ்சு நாள்தானே" என்றா.

விலையைக் கேட்ட பிறகு மூன்று பேரும் ஒற்றுமையாகத் திரும்பினோம்.

2024 நவம்பர் 28, வியாழன்

முன்பு மழைக் காலத்தில் கிணற்றைப் பார்க்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். சரி, ஆனால் காணியைப் பார்க்க மழைதான் வேண்டும். நேற்றும் இன்றும் பெய்த மழைக்குள், கணவர் பைத்தியம் என்று சொல்லச் சொல்ல, மீதமிருந்த மூன்று வீட்டையும் பார்க்க வெளிக்கிட்டேன். ஆனைக்கோட்டை வீட்டில் இரண்டாவது படிவரை வெள்ளம். அதே வீட்டை ஆடியில் பார்த்தபோது "மேட்டுக் காணி" என்றார்கள். வெள்ளவாய்க்காலை மூடி மதில் கட்டியிருக்கிறது ஒழுங்கை முழுவதும், தண்ணீர் எங்கே போகும்? இரண்டாவது வீட்டு ஒழுங்கைக்குள் நுழையவே முடியவில்லை.

மூன்றாவது கோண்டாவிலில். முற்றத்தில் தண்ணீர் நின்றது, ஆனால் நான் ஒதுங்கி நின்ற அரை மணித்தியாலத்தில் செம்மண் அதை உறிஞ்சிவிட்டது. உள்ளே இருந்த வயோதிபர் வந்து துவாய் தந்தார். நனைந்தபடி இருந்து தேநீர் குடித்தேன். தண்ணீர் நல்லது.

2024 நவம்பர் 30

கொப்பியைப் புரட்டினேன். கோண்டாவில் வீட்டை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது வீடு, 2023 பங்குனி. அப்போது எழுதிய குறிப்பு முழுவதும் இவ்வளவுதான்: "ஒண்டேமுக்கால் பரப்பு. அடுப்படி இருட்டு. பிடிக்கேல்லை." வேறொரு தரகர் வேறு ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனதில் அடையாளமே தெரியவில்லை.

மார்ச்சில் இங்கே எவ்வளவு வீராப்பாக எழுதினேன், பார்த்தவுடன் மனம் சொல்வதை நம்பாதே என்று. பிடித்தது என்று சொன்னதை நம்பவில்லை, சரி. பிடிக்கவில்லை என்று சொன்னதை மட்டும் ஏன் அப்படியே நம்பினேன்? 31இல் இருபதுக்கு மேற்பட்ட வீட்டைப் பத்து நிமிடத்தில் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

உறுதி இன்னும் எழுதி முடியவில்லை, ஆனால் பேச்சு முற்றிவிட்டது. அந்த ஒன்பதாவது வீடுதான். ஒரே ஆளின் பெயரில் அறுதி உறுதி, அதாவது முழு விற்பனைப் பத்திரம், அதற்கு முந்தியது நன்கொடை, அதற்கு முந்தியது சீதனம். அனுபவித்து வந்ததை மட்டும் காட்டி எழுதும் ஆட்சி உறுதி எதுவும் நடுவில் இல்லை. வங்கியின் சட்டத்தரணி முப்பது வருட வரலாறு கேட்டார், காணிப் பதிவகத்தில் தேடி எடுத்துக் கொடுத்தோம். வட்டியும் 2022இல் நின்ற இடத்தில் இப்போது இல்லை. விற்பவரின் பிள்ளைகள் இருவர், இருவரும் இங்கேயே. இரண்டு பேரும் எங்களுக்கு வேண்டாம் என்று எழுத்தில் தந்தார்கள். வாசித்துவிட்டு அழுகை வந்தது, இணுவிலை நினைத்து.

விறாந்தை இருக்கிறது, ஒடுக்கம். வேம்பு பக்கத்து வளவில், நிழல் எங்கள் பக்கம். பஸ் றோட்டுக்கு 400 மீற்றர், அளந்தேன். மணிச் சத்தம் விடிய ஐந்தரைக்குக் கேட்கிறது, எந்தக் கோயில் என்று அம்மா இன்னும் விசாரிக்கிறா.

பார்த்து மனதைப் பறிகொடுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டியபோது மகன், "இது பழைய வீடு, எங்கட புது வீடு எங்க?" என்று கேட்டான்.

2025 மார்ச் 23, ஞாயிறு

முத்திரைத் தீர்வை கேட்டவருக்கு: பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் தனி. இதை மறந்து கையிலுள்ள காசு முழுவதையும் விலைக்கே பேசிவிடாதீர்கள், நாங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் மாட்டினோம். என் பெயரிலா கணவரின் பெயரிலா என்று ஒரு கிழமை இழுபட்டோம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடிய தேட்டம், யார் பெயரில் எழுதினாலும் மற்றவருக்கும் அதில் உரித்து உண்டு என்று நொத்தாரிசு சொன்ன பிறகு சண்டை நின்றது. இருவர் பெயரிலும் எழுதினோம்.

கிணறு பங்கு. பக்கத்து அன்ரி விடிய ஆறு மணிக்குப் பூவுக்குத் தண்ணீர் அள்ள வருவா. ஒரு வாளி அள்ளப் பத்து நிமிடம் கதை. கந்தோருக்குப் பிந்துகிறது.

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். ஆறு மாதத்துக்குத் தேடுவதை நிறுத்திவிட்டார்களாம், வாடகை வீட்டுக்கே வெள்ளையடித்து ஒரு செவ்வரத்தை வைத்திருக்கிறார்களாம். மனைவி பழையபடி சிரிக்கிறாவாம். நல்லது. வேலி அடைக்கச் சொன்ன நான் பிரித்தேன், ஒன்றும் சொல்லாத அவர் அடைத்துவிட்டார்.

2025 ஜூன் 8, ஞாயிறு

அடுப்படி இருட்டு என்பதற்குத் தீர்வு கேட்டிருந்தீர்கள். மேசனைப் பிடித்து மேற்குச் சுவரை உடைத்து நாலடி யன்னல் வைத்தேன். கணவர் வேண்டாம் என்றார், மேசனும் "தங்கச்சி, மேற்கால வேண்டாம்" என்றார். எனக்கு வெளிச்சம் வேண்டும் என்று நின்றேன்.

இப்போது சோழகம், தென்மேற்குக் காற்று. பக்கத்துத் தோட்டத்துச் செம்மண் முழுக்க என் சோற்றுப் பானைக்குள். ஒரு வீட்டைக் கோடையில் ஒரு தரம், மாரியில் ஒரு தரம் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், காற்றுக்கு ஒரு தரம் பார்க்கவில்லை. யன்னலை வைகாசியிலிருந்து பூட்டித்தான் வைத்திருக்கிறோம், பகலிலும் லைற் போட்டுத்தான் சமையல். காற்று எப்போது அடங்கும் என்று மேசனைக் கேட்டேன். புரட்டாசிக்குப் பிறகு வாருங்கள், மூடித் தருகிறேன் என்கிறார்.